கணவர் பேச மறுக்கிறார்: படையில் இருந்தவர்களுக்குப் பேச்சு சிகிச்சை உண்மையில் உதவுமா?

தேன்மொழி_க

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

என் கணவர் 16 ஆண்டுகள் தரைப்படையில் இருந்தார். ஓய்வு பெற்று 4 ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் எல்லாம் சரியாகத்தான் இருப்பதுபோல் தெரிந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் போனது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருவார். எங்கே போனாலும் சுவருக்கு முதுகு கொடுத்து, வாசல் தெரிகிற மாதிரிதான் உட்காருவார். கூட்டம் இருக்கும் இடம் என்றால் வரவே மாட்டார். மகனுடைய பள்ளி விழாவுக்கு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மகன் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மருத்துவர் பார்த்துவிட்டு பி.டி.எஸ்.டி. என்றார், அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனவடு நோய். மாத்திரை எழுதிக் கொடுத்து, பேச்சு சிகிச்சைக்கும் போகச் சொன்னார். இவர் போக மாட்டேன் என்கிறார். "நடந்ததைப் பேசிப் பேசி என்ன ஆகப் போகிறது? செத்தவன் திரும்பி வரப் போகிறானா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தச் சிகிச்சைக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது?

---

பழைய_சிக்னல்

தங்கச்சி, உங்கள் கணவர் கேட்ட அதே கேள்வியை நானும் அதே வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். மூன்று ஆண்டுகள் அதைச் சொல்லியே தப்பித்தேன்.

நான் வயர்லெஸ் இயக்கியவன். ஒரு நாள் எங்கள் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள். உதவி கேட்டு வந்த செய்தியை மேலே அனுப்பியவன் நான்தான். உதவி போய்ச் சேர்வதற்குள் இருவர் இறந்துவிட்டார்கள். "நான் ஒரு நிமிடம் தாமதித்தேன், அதனால் செத்தார்கள்" என்பது எனக்குள் பதிந்துவிட்டது. 11 ஆண்டுகள் அப்படியே இருந்தது. மனைவியிடமும் சொல்லவில்லை, நண்பர்களிடமும் சொல்லவில்லை.

எனக்குக் கொடுத்த சிகிச்சைக்கு நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை என்று பெயர். எட்னா ஃபோவா என்ற உளவியலர் உருவாக்கியது. வாரம் ஒரு முறை, ஒவ்வொன்றும் 90 நிமிடம். முதல் இரண்டு தடவை அந்தச் சம்பவத்துக்குள் ஆழமாகப் போகவில்லை. நோய் எப்படி வேலை செய்கிறது, நான் எதையெல்லாம் தவிர்க்கிறேன் என்று பேசினோம். மூன்றாவதில்தான் ஆரம்பம். கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாளை இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். "அப்போது கேட்டேன்" என்று சொல்லக்கூடாது, "இப்போது கேட்கிறது" என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பதிவு செய்து கையில் கொடுத்துவிடுவார்கள், வீட்டில் தினமும் ஒரு முறை கேட்க வேண்டும்.

பொய் சொல்லப் போவதில்லை. முதல் மூன்று வாரம் மோசமாக இருந்தது. கெட்ட கனவு கூடியது. விட்டுவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன்.

ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை நான் சொல்லாமல் தாண்டிப்போன ஓர் இடம் வந்தது. அவர்கள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்கள் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். அந்த ஒரு நிமிடம் அதற்குத்தான் போனது. தெரபிஸ்ட் கண்ணைத் திறக்கச் சொல்லிவிட்டு, "திரும்பக் கேட்காமல் அனுப்பியிருந்தால்?" என்று மட்டும் கேட்டார். தவறான இடத்துக்கு ஆள் போயிருப்பார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் 11 ஆண்டுகளில் அந்த நிமிடத்துக்குள் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. நினைவு வந்த உடனே ஓடிவிடுவேன், மிச்சம் இருப்பது குற்ற உணர்ச்சி மட்டும்தான்.

செத்தவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களை நான் கொன்றேன் என்று நினைப்பது நின்றது. இன்றும் அந்தத் தேதி வந்தால் அழுவேன். ஆனால் இது துக்கம். முன்பு இருந்தது துக்கமே இல்லை, அது வேறு ஏதோ.

---

ஒற்றைப்பனை

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன். நானும் படையில் இருந்தவன்தான்.

எனக்கு முதலில் கிடைத்த கவுன்சலர் நல்லவர். ஆனால் 20 வாரம் போனேன், 20 வாரமும் "இந்த வாரம் எப்படி இருந்தது?" என்றுதான் கேட்டார். நான் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார், எதுவும் மாறவில்லை. பிறகு ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஆளாளுக்குத் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல, என்னுடையது போதாதென்று அவர்களுடையதும் சேர்ந்து கனவில் வந்தது. அப்புறம் இந்தக் கண்ணை மூடிச் சொல்லும் முறைக்குப் போனேன். நான்காவதோடு நிறுத்திவிட்டேன். சகோதரி, உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

---

மனநலப்_பணி

மருத்துவ உளவியலராக இருக்கிறேன், படைவீரர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டு. ஒற்றைப்பனை ஐயா எழுதியதை இழையைத் தொடங்கிய சகோதரி கட்டாயம் கவனிக்க வேண்டும். அவர் சொல்வது அரிதான கதை இல்லை.

2015ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. படைவீரர்களை வைத்து நடத்திய சோதனைகளை மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். முன்னணியில் இருக்கும் இரண்டு பேச்சு சிகிச்சைகளை எடுத்துக்கொண்டவர்களில் 49 முதல் 70 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. அதே சமயம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் பி.டி.எஸ்.டி. என்ற நோயறிதல் விலகவில்லை. இரண்டும் உண்மை. "முற்றிலும் குணமாகிவிடும்" என்று உங்கள் கணவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பாதிப் பேருக்காவது பாரம் கணிசமாகக் குறைகிறது என்று சொல்லலாம், அது பொய்யில்லை.

ஆனால் ஐயா, உங்களுக்கு 20 வாரம் நடந்தது ஆதரவுப் பேச்சு. அது தனிமையைக் குறைக்கும், அதற்கும் இடமுண்டு. மனவடுவை நேராகத் தொடும் சிகிச்சை வேறு. அதற்கு ஒரு திட்டம் உண்டு, எண்ணிக்கை உண்டு, வீட்டுப்பாடம் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023ல் வெளியிட்ட வழிகாட்டி மூன்று முறைகளைத்தான் முதலில் வைக்கிறது. சிக்னல் அண்ணன் எழுதிய வெளிப்பாட்டு முறை ஒன்று, பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வு. அடுத்தது பாட்ரிசியா ரெசிக் உருவாக்கிய அறிவாற்றல் செயலாக்க முறை, வழக்கமாக 12 அமர்வு. மூன்றாவது ஈ.எம்.டி.ஆர்., நினைவை மனதில் வைத்தபடி தெரபிஸ்டின் விரலைக் கண்ணால் பின்தொடரும் முறை. மருந்தை விட இவற்றை முதலில் பரிந்துரைக்கிறார்கள். மருந்து வேண்டாம் என்று பொருள் இல்லை. செர்ட்ராலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகிய மூன்றும் பரிந்துரையில் இருக்கின்றன. பென்சோடயசெபைன் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகளை மட்டும் பி.டி.எஸ்.டி.க்குக் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். உங்கள் கணவருடைய மாத்திரை எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். தானாக நிறுத்திவிடாதீர்கள், சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஏன் பேச வேண்டும் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த பதில் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் எழுதியது. முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்கார்ட் என்ற மருத்துவமனையில் ரிவர்ஸ் என்ற மருத்துவர் அதிகாரிகளுக்குச் சிகிச்சை கொடுத்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்ன அறிவுரை "நினைக்காதே, மறந்துவிடு" என்பதுதான். நினைவை அமுக்குவதுதான் இவர்களைக் கெடுக்கிறது என்று அவர் 1918ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். அதில் ஓர் அதிகாரியைப் பற்றிச் சொல்கிறார். அவர் தன் நண்பரைத் தேடிப் போய், குண்டில் சிதறிய உடலைக் கண்டவர். இரவெல்லாம் அதே காட்சி கனவில் வந்தது. ரிவர்ஸ் அவரை மறக்கச் சொல்லவில்லை. உடல் அப்படிச் சிதறியிருந்தது என்றால் உங்கள் நண்பர் அந்தக் கணமே இறந்திருக்க வேண்டும், வலியில் நீண்ட நேரம் கிடந்திருக்க மாட்டார் என்பதை எடுத்துக் காட்டினார். பிறகு ஒரு நாள் அதே கனவு வந்தது. இந்த முறை அந்த அதிகாரி பயப்படவில்லை. உடலருகே மண்டியிட்டு, நண்பரின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய பொருட்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது ஒன்றும் மாறவில்லை. அதை அவர் பார்க்கும் இடம் மாறியது. உங்கள் கணவருக்கு இதை அப்படியே படித்துக் காட்டலாம்.

---

பழைய_சிக்னல்

ரிவர்ஸ் கதை எனக்குத் தெரியாது, இன்றைக்குத்தான் படிக்கிறேன். இரண்டு முறை படித்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததிலேயே படைவீரர்களின் பேச்சுக்குப் பங்கு உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் 1970ல் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். ஹைம் ஷாட்டன், ராபர்ட் லிஃப்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களும் சேர்ந்து போராடித்தான் 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. ஏறியது. அதனால் பேச்சு என்பது யாரோ வெளியாள் நம் மீது திணித்த விஷயம் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

ஒற்றைப்பனை தம்பி, நான்காவதோடு நிறுத்தினேன் என்கிறீர்கள். ஏன் என்று கேட்கலாமா? விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

---

ஒற்றைப்பனை

கேட்டதால் சொல்கிறேன் அண்ணா. உங்களுடைய கதையில் நீங்கள் தவறு செய்யவில்லை. திரும்பிப் பார்த்தபோது அது தெரிந்தது, பாரம் இறங்கியது. நான் திரும்பிப் பார்த்தால் அங்கே தெரிவது நான் செய்த ஒன்று. கட்டளைதான், இருந்தாலும் செய்தவன் நான். என்னுடையது பயந்தவனுக்கு வரும் கனவு இல்லை. "அது உங்கள் தவறு இல்லை" என்று தெரபிஸ்ட் சொன்னார். அந்த நிமிடமே எனக்கு அவர் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது. அவர் அங்கே இல்லை. எப்படிச் சொல்ல முடியும்?

---

வானம்_பார்த்தவள்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பா படையில் இருந்தவர், இப்போது இல்லை. அவர் காலத்தில் இப்படிப் பேச யாரும் இல்லை. தேன்மொழி அக்காவுக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்ல வந்தேன்.

கெட்ட கனவில் அலறினால் தொட்டு உலுக்கி எழுப்பாதீர்கள். நான் சின்ன வயதில் அப்படிச் செய்து, அப்பா என் கையை முறுக்கிவிட்டார். விழித்ததும் என்னை விட அவர்தான் அதிகம் அழுதார். கட்டிலின் கால்மாட்டில் கொஞ்சம் தள்ளி நின்று, பெயர் சொல்லி, இது வீடு என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். விளக்கைப் போடலாம்.

இன்னொன்று, அவரைப் பேச வைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா அப்படித்தான் அப்பாவைத் துளைத்து எடுப்பார். அன்பால்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கதவு இன்னும் இறுக்கமாக மூடும்.

---

மனநலப்_பணி

வானம் சொன்ன இரண்டும் மிகச் சரி. கணவன் மனைவி சேர்ந்து போகும் 15 அமர்வுச் சிகிச்சை ஒன்றும் இருக்கிறது. ஆனால் வீட்டில் மனைவியே தெரபிஸ்ட் ஆக முடியாது, ஆகவும் கூடாது.

ஒற்றைப்பனை ஐயாவுக்கு. உங்கள் தெரபிஸ்ட் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் எனக்கும் படுகிறது. நீங்கள் சொல்வதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: அறக்காயம். வியட்நாம் வீரர்களோடு பல ஆண்டுகள் இருந்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதை 1990களில் எழுத ஆரம்பித்தார். பிறகு பிரெட் லிட்ஸ் என்பவரும் குழுவினரும் 2009ல் இதற்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தார்கள். பயத்தால் வந்த வடுவுக்கும், தன் மனசாட்சியை மீறியதால் வந்த வடுவுக்கும் வேறுபாடு உண்டு என்பதுதான் அவர்கள் சொன்னது. இரண்டாவதற்கு "உன் தவறு இல்லை" என்ற ஆறுதல் மருந்தாகாது. தவறு இருந்தால் அது இருந்தது என்று ஒத்துக்கொண்டு பேச வேண்டும். அன்று உங்களுக்கு என்ன தெரிந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, யார் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று பிரித்துப் பார்க்கலாம். பிரித்த பிறகும் உங்கள் பங்கு என்று ஒன்று மிஞ்சலாம். அதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது, எதைச் சரிசெய்யலாம் என்று பேசுவதும் சிகிச்சைதான். இறந்தவரிடம் மனதுக்குள் நேராகப் பேசுவதையும், தான் மதிக்கும் ஒருவரின் முன்னால் ஒப்புக்கொள்வதாகக் கற்பனை செய்து பேசுவதையும் லிட்ஸ் குழுவின் முறையில் செய்வார்கள்.

மறுபடி போகும்போது, முதல் நாளே "என் கதை பயம் பற்றியது இல்லை" என்று சொல்லிவிடுங்கள். அறக்காயத்தோடு வேலை செய்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் நேராகவே கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இந்த இழைக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். இன்றே ஒரு மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள். வீட்டில் ஆயுதமோ சேர்த்துவைத்த மாத்திரையோ இருந்தால் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

---

ஒற்றைப்பனை

முன்பு வந்தது மேடம். இப்போது இல்லை. கேட்டதற்கு நன்றி. யாரும் நேராகக் கேட்டதில்லை.

அறக்காயம் என்ற சொல்லை இன்றுதான் பார்க்கிறேன். யோசிக்கிறேன். வேறு எதுவும் இப்போதைக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

தேன்மொழி_க

எல்லாவற்றையும் படித்தேன். சிக்னல் அண்ணா, உங்கள் பதிவை அவர் தூங்கிய பிறகு மறுபடி மறுபடி படித்தேன்.

இரண்டு சந்தேகம். அவர் இரவில் குடிக்கிறார், தூக்கம் வருவதற்காக என்று சொல்கிறார். முதலில் அதை நிறுத்திவிட்டுத்தான் சிகிச்சைக்குப் போக வேண்டுமா? அடுத்து, சொல்லவே வாய் வராத மனிதரை எப்படி 90 நிமிடம் பேச வைப்பார்கள்?

---

மனநலப்_பணி

குடியை முதலில் முழுதாக நிறுத்து, பிறகு வா என்று சொல்வது பழைய வழக்கம். இப்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம் என்கிறார்கள். நினைவை மறக்கத்தானே குடிக்கிறார்? முதல் சந்திப்பிலேயே எவ்வளவு என்று மறைக்காமல் சொன்னால் போதும். தினமும் அதிகம் குடிப்பவர் என்றால் திடீர் நிறுத்தத்தை மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். மாத்திரையோடு குடி சேர்வதும் ஆபத்து, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வாய் வராதவர்களுக்கு எழுத்து வழி ஒன்று இருக்கிறது. மொத்தம் 5 அமர்வு. ஒவ்வொன்றிலும் அந்த அறையிலேயே 30 நிமிடம் அந்த நிகழ்வைப் பற்றிக் கையால் எழுத வேண்டும். பேச்சு மிகக் குறைவு, வீட்டுப்பாடமும் இல்லை. ரெசிக்கின் 12 அமர்வு முறைக்கு இது பின்தங்கவில்லை என்று 2018ல் ஓர் ஆய்வு வந்தது, இடையில் விட்டுப் போனவர்களும் இதில் மிகக் குறைவு. ரெசிக் முறையிலும் சம்பவத்தை விவரமாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அது ஏன் நடந்தது என்று நினைக்கிறீர்கள், அதனால் உங்களையும் மற்றவர்களையும் பற்றிய எண்ணம் எப்படி மாறியது என்று ஒரு பக்கம் எழுதுவதில் ஆரம்பிக்கும். "நான் கவனமாக இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது" மாதிரி மனம் மாட்டிக்கொண்டிருக்கும் வாக்கியங்களை எடுத்து, இதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். தாழ்ப்பாளை மூன்று முறை பார்க்கும் பழக்கத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு வாக்கியம் இருக்கும்.

---

பழைய_சிக்னல்

தங்கச்சி, அவரிடம் "போய்ப் பேசுங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லே எங்களுக்கு ஆகாது. பயிற்சி என்று சொல்லுங்கள். இத்தனை வாரம், இன்ன நாள், இன்ன வேலை, முடிவு தேதி உண்டு. படையில் இருந்தவனுக்கு அது புரியும். எனக்கு என் பழைய குழுத் தலைவர் சொன்னார்: "நான் முடித்துவிட்டேன், நீயும் போ." அவ்வளவுதான், மறுநாள் போனேன்.

இன்னொன்று. கூட்டத்துக்குள் போவதையும் சிகிச்சையில் படிப்படியாகத்தான் செய்ய வைத்தார்கள். பயம் எவ்வளவு என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டுப் பட்டியல் எழுதினோம். எனக்கு 40 மார்க் பயம், வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவது. 90, கூட்டமான பேருந்து நிலையம். 40ல் ஆரம்பித்து, பயம் இறங்கும் வரை எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். பள்ளி விழா அவருடைய பட்டியலில் எத்தனை என்று அவரே போடட்டும்.

என் எண் வேண்டுமானால் தனிச்செய்தியில் தருகிறேன். அவருக்கு விருப்பம் இருந்தால் கூப்பிடட்டும். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

---

தேன்மொழி_க

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

சிக்னல் அண்ணாவை அவர் கூப்பிட்டார். மாடிக்குப் போய் 50 நிமிடம் பேசினார், என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் முதல் சந்திப்பு கிடைத்தது. 12 அமர்வு முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். முதல் நாள் முடிந்து வந்ததும் மகனிடம் ஒரு கோடு போட்ட நோட்டு கேட்டார். ஒரு வாரம் அது காலியாகவே மேசையில் கிடந்தது. இரண்டாவது சந்திப்புக்கு முந்தைய இரவு, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து எழுதினார். தாழ்ப்பாளை அன்றும் பார்த்தார், அதில் மாற்றம் இல்லை.

இரண்டாவது முடிந்த நாள் சரியில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மகன் போய்க் கூப்பிடட்டுமா என்றான், வேண்டாம் என்றேன். அப்புறம் அவராகவே வந்து, "இவ்வளவு நாள் நான் நினைத்தது முழுசாகச் சரியில்லை போல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது. நோட்டு மேசையில்தான் இருக்கிறது. நான் திறக்கவில்லை.

---

பழைய_சிக்னல்

திறக்காதீர்கள். அடுத்த சில வாரம்தான் கடினம், விட்டுவிடத் தோன்றுவதும் அப்போதுதான். செவ்வாய்க்கிழமை மாலை அவருக்கு வேறு வேலை எதுவும் வைக்காதீர்கள். வண்டிக்குள் உட்கார்ந்தால் உட்காரட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டாலும் எடுப்பேன் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.